இரண்டாந் தரத்துக் கழகமும் பழைய ஆட்டக்காரரும்

வெற்றிமேல் வெற்றி பெற்றுவரும் உதைபந்தாட்டக் கழகத்தின் அபிமானிகள் அடுத்த சனிக்கிழமையைப் பற்றியே பேசுவர். இரண்டாந் தரத்தில் நெடுங்காலம் கிடந்து உழலும் கழகத்தின் அபிமானிகளோ, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஏதோ ஒரு சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவர். சம்பாஷணைச் சுவையை நாடுவோர் இந்த இரண்டாவது வகையினரிடமே போதல் வேண்டும். 2024 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்திலுள்ள உறவினர் இல்லத்திற் சில வாரங்கள் தங்கியிருந்தபோது நாம் கண்டறிந்த உண்மை இது.

இரண்டாந் தரம் என்பது யாதென அறியாத வாசகர்க்கு ஒரு வார்த்தை. அந்நாட்டில் 1888 இல் உதைபந்தாட்டக் கழகங்கள் சில கூடி ஒரு லீக் அமைத்தன; 1892 இல் அதற்கு இரண்டாம் பிரிவொன்று ஏற்பட்டது. 1992 இல் உயர்ந்த கழகங்கள் பிரிந்துபோய்ப் பிறீமியர் லீக் என வேறு வீடு கட்டிக்கொள்ளவே, எஞ்சியிருந்த இரண்டாம் பிரிவு 'முதற் பிரிவு' எனப் பெயர் பெற்றது! 2004 முதல் அதற்குச் 'சாம்பியன்ஷிப்' என்று பெயர். பெயர் ஏற ஏற இடம் மட்டும் ஏறவில்லை. இருபத்துநான்கு கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தாறு ஆட்டங்கள். முடிவில் மூவர் மேலே போவர், மூவர் கீழே இறங்குவர். மற்றையோர் இருந்த இடத்திலேயே இருந்து பழங்கதை பேசுவர்.

அப்படிப் பழங்கதை பேசுவதிற் பிறெஸ்ரன் நகரத்தாரை வெல்ல ஆளில்லை. அவர்களுடைய 'பிறெஸ்ரன் நோர்த் எண்ட்' கழகந்தான் 1888-89 பருவத்தில் முதன்முதலாக லீக் வெற்றி வீரராக வந்தது. அதுவும் லீக்கில் ஓர் ஆட்டத்திலேனும் தோல்வி காணாமல். அதே பருவத்தில் எவ்.ஏ. கிண்ணத்தையும் தட்டிக்கொண்டது. இத்தகைய கழகம் 1961 இல் முதற் பிரிவிலிருந்து இறங்கியது. 2025 வரை உச்சிக்கு மீளவில்லை. அறுபத்துநான்கு ஆண்டுகள்! ஒருவர் பிறந்து, படித்து, தொழில் பார்த்து, ஓய்வூதியமும் பெறத் தொடங்கும் காலம்.

ஆட்ட நாளொன்றில் மஞ்செஸ்ரரிலிருந்து பிறெஸ்ரனுக்குப் புகையிரதத்திற் சென்றுகொண்டிருந்தோம். எதிர் ஆசனத்தில் வெண்ணிறக் கழுத்துத்துணி அணிந்த முதியவர் இருவரும், பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனும் அமர்ந்திருந்தனர். சிறுவன் அவர்களில் ஒருவரின் பேரன். முதியவர் இருவரும் ரொம் பின்னி பெரியவரா, ஸ்ரான்லி மத்தியூஸ் பெரியவரா என்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். மத்தியூஸ் அயல் நகரமான பிளக்பூலுக்கு ஆடியவர். ஆகவே பிறெஸ்ரனைச் சேர்ந்த இருவர் இதில் வாதிட இடமேயில்லை. ஆயினும் ஒருவர் வேண்டுமென்றே எதிர்க்கட்சி பேசினார். எதிர்ப்பில்லாவிட்டாற் புகழ்ச்சிக்கு ஏது ருசி?

"மத்தியூஸ் வலப்பக்கத்தில் மட்டுமே ஆடுவார். பின்னி வலத்திலும் ஆடுவார், இடத்திலும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார்" என்றார் பாட்டனார்.

"1954 இல் வெம்பிளியில் எங்கே ஆடினார்? அன்று அவருடைய சட்டைதான் வந்தது, அவர் வரவில்லை" என்றார் மற்றவர்.

பாட்டனாரின் முகம் சுருங்கியது. அவ்வாண்டின் கிண்ண இறுதியாட்டத்திற் பிறெஸ்ரன் 3-2 என்ற கோற் கணக்கில் வெஸ்ற் புறொமிச் அல்பியன் கழகத்திடம் தோற்றது. அதற்கு முந்திய பருவத்தில் லீக் பட்டமும் கோல் விகிதத்தால் மட்டுமே ஆர்சனலுக்குப் போயிற்று. பின்னி 1946 முதல் 1960 வரை ஒரே கழகத்துக்கு லீக் ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்தார். ஆனாற் பெருங் கிண்ணம் ஒன்றையும் கையிலேந்தவில்லை. அவர் ஓய்வுபெற்ற அடுத்த பருவத்திலேயே கழகமும் இறங்கிவிட்டது.

"அவருக்கு எவ்வளவு சம்பளம், தாத்தா?" என்று கேட்டான் சிறுவன். முதியவர் இருவரும் ஒருங்கே நகைத்தனர். அக்காலத்தில் ஆட்டக்காரர் ஊதியத்துக்கு உச்சவரம்பு இருந்தது. பின்னியின் கடைசிப் பருவத்தில் அது வாரத்துக்கு இருபது பவுண். ஆகையால் தந்தையார் சொற்படி இளமையிற் கற்ற நீர்க்குழாய் வேலையை அவர் கைவிடவேயில்லை. 1952 இல் இத்தாலியிலுள்ள பலெர்மோக் கழகம், ஒப்பமிட்டாற் பத்தாயிரம் பவுண் தருவோம் என்று அவரை அழைத்தது. பிறெஸ்ரன் நிருவாகத்தார் விடவில்லை. அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, 1961 சனவரியில், உச்சவரம்பு ஒழிந்தது! டீப்டேல் மைதானத்தின் வெளியே 2004 இல் நிறுவப்பட்ட அவர் சிலையை நாமும் பார்த்தோம். மழைநீர் தேங்கிய ஆடுகளத்திற் பந்தைத் துரத்திச் சறுக்கும் காட்சி அது. 1956 இல் எடுத்த ஒரு நிழற்படத்தைத் தழுவியது. உண்மை நீரே சிலையைச் சுற்றித் தெறிக்கின்றது. அந்நகரில் 2001 இல் திறக்கப்பட்ட தேசிய உதைபந்தாட்ட அரும்பொருட் காட்சிச்சாலையை மஞ்செஸ்ரருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற மனக்குறையும் அவ்வூராருக்கு உண்டு. சிலையையாவது விட்டுவைத்தார்களே!

பெருமக்களைப் பற்றிய பேச்சு ஓய்ந்தபின் சிறியோரைப் பற்றிய பேச்சுத் தொடங்கியது. இரண்டாந் தரத்து அபிமானிகளின் தனிச்சிறப்பு இதுவே என்பது எமது துணிபு. முப்பது ஆட்டங்கள் ஆடிவிட்டு மறைந்த ஒருவரையும் அவர்கள் மறப்பதில்லை. "அவர் இப்போது எங்கே?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர் விடை கூறுவார். ஒருவர் மதுச்சாலை நடத்தினார், ஒருவர் பத்திரிகைக் கடை வைத்தார், ஒருவர் தபாற்காரரானார். ஊரிற் பிரிந்துபோன பிள்ளைகளைப் பற்றி வயோதிபர் விசாரிப்பது போலவே இருந்தது அது.

ஆனால், அன்று இரண்டு மூன்று பெயர்களுக்குப் பின் விடை மாறிற்று. "அவருக்கு இப்போது ஒருவரையும் அடையாளந் தெரியாதாம்" என்றார் பாட்டனார். இன்னொருவர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாராம். "நொபியும் அப்படித்தானே போனார்" என்றார் மற்றவர். நொபி ஸ்ரைல்ஸ் 1966 இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்துக் குழுவினர். பின்னர் பிறெஸ்ரனுக்கு ஆடி, 1977 முதல் 1981 வரை அக்கழகத்தை நடத்தி, மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏற்றிவைத்தவர். 2020 இல் நினைவிழந்த நிலையிற் காலமானார். அவருக்கு முன் பிறெஸ்ரனை நடத்திய பொபி சார்ல்ரனும் அதே நோய்வாய்ப்பட்டு 2023 இல் மறைந்தார். அவர் தமையனார் ஜக் சார்ல்ரனும் அவ்வாறே. ஒரே உலகக் கிண்ணக் குழுவில் இத்தனை பேர்!

இதற்குக் காரணம் தேடப் புகுந்த கதை, 1954 இற் பிறெஸ்ரனை வென்ற அதே வெஸ்ற் புறொமிச் அல்பியன் கழகத்தில் தொடங்குகிறது. அக்கழகத்துக்கு ஜெவ் அஸ்ரில் என்பார் 361 ஆட்டங்களில் 174 கோல்கள் அடித்தார். பந்தைத் தலையால் அடிப்பதில் அவருக்கு நிகரானோர் சிலரே. 1968 இற் கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ற்றனை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையதே. (அது மட்டும் இடக்காலால் அடித்த கோல்!) ஆட்டத்தை விட்டபின் துப்புரவுத் தொழில் நடத்திவந்தார். ஐம்பது வயது கடந்த சில காலத்துள் நினைவு குலையத் தொடங்கியது. முடிவில், தாம் உதைபந்தாட்டக்காரராய் இருந்ததையே மறந்தார். 2002 சனவரியில், ஐம்பத்தொன்பதாம் வயதில், இறந்தார்.

அவ்வாண்டே மரண விசாரணை அதிகாரி, பந்தைப் பலமுறை தலையால் அடித்ததனால் விளைந்த தொழில்வழி நோயே காரணம் எனத் தீர்ப்பளித்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் எப்படியோ, அப்படி. தோற்பந்து உலர்ந்திருக்கையில் இக்காலப் பந்தின் எடைதான். மழையில் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். இத்தீர்ப்புக்குப் பின்னரும் விளையாட்டின் தலைவர்கள் அசையவில்லை. 2014 இல் மூளையை மறுபடி ஆராய்ந்த கிளாஸ்கோ மருத்துவர் வில்லி ஸ்ருவேட், குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் மூளைச் சிதைவு நோயே அது என்று கண்டார்.

அவ்வாண்டு அல்பியன் அபிமானிகள் செய்ததையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அஸ்ரிலின் சட்டை இலக்கம் ஒன்பது. ஆட்டந்தோறும் ஒன்பதாம் நிமிடத்தில் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அஸ்ரிலுக்கு நீதி வேண்டும் என்ற பதாகையை உயர்த்தினார்கள். ஆட்டம் எந்நிலையிலிருந்தாலுஞ் சரி, கைதட்டல் நிற்கவில்லை. பழைய ஆட்டக்காரரைப் பற்றிய பேச்சு, பொழுதுபோக்கு என்ற நிலை கடந்து கடன் தீர்க்கும் கருமமாயிற்று.

2019 இல் அதே மருத்துவரின் குழு, ஸ்கொட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரர் 7,676 பேரை, அவர்களை ஒத்த பொதுமக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்டு ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது ஆட்டக்காரரிடையே மூன்றரை மடங்காக இருந்தது. இருதய நோயாற் சாவோரும், சுவாசப்பைப் புற்றுநோயாற் சாவோரும் அவர்களிடையே குறைவு என்பதையும் சொல்லவேண்டும். ஓடியாடும் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டில் அடைத்துவைக்க இது காரணமாகாது. 2021 இல் வந்த தொடராய்வு, தற்காப்பு ஆட்டக்காரர்க்கு ஆபத்து மிகையென்றும், பந்தை அரிதாகவே தலையாற் சந்திக்கும் கோல் காப்பாளர்க்கு அது பொதுமக்களின் அளவே என்றும் காட்டியது. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

2020 இல், இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைப் பருவச் சிறுவர்க்குப் பயிற்சியில் தலையடி விலக்கப்பட்டது. 2021-22 பருவத்திலிருந்து, வளர்ந்தோர்க்கும் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து வலிய தலையடிகளுக்கு மேல் வேண்டாமெனக் கூறப்பட்டது. 2024-25 முதல் சிறு பிராயத்தினரின் ஆட்டங்களிலிருந்தும் அதைப் படிப்படியாக நீக்கத் தொடங்கினர்.

மறுநாட் காலை டீப்டேல் மைதானத்துக்கு அயலிலுள்ள மூர் பூங்காவிற் சிறுவர் ஆடக் கண்டோம். எட்டு ஒன்பது வயதிருக்கும். உயர்ந்து வந்த பந்தை ஒரு பையன் தன்னை மறந்து நெற்றியால் முட்டினான், அழகிய தலையடி. ஓரத்தில் நின்ற தந்தையொருவர் கைதட்ட உயர்த்திய கைகளைத் தாழ்த்திக்கொண்டார். மத்தியஸ்தர் சீழ்க்கை ஊதி, பந்தை எதிர்ப்பக்கத்தாரிடம் கொடுத்தார். பிள்ளைகள் முறுமுறுப்பின்றி விலகி நின்றார்கள்.