மகாவலி வற்றியபோது முன்தள்ளப்பட்ட நேரம்

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையைக் கடந்து ஓடும் மகாவலி கங்கையைப் பொல்கொல்லவில் மறித்து 1976இல் திறக்கப்பட்ட அணைக்கட்டு, ஆற்றுநீரின் ஒரு பகுதியை ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பிவிடுகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதியை இத்தகைய நீர்மின் நிலையங்களே வழங்கிவந்த காலத்தில், 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நீண்ட மின்வெட்டுகள் நடைமுறைக்கு வந்தபோது, மாலையில் விளக்கெரியும் நேரத்தைச் சுருக்கும் நோக்கோடு அரசாங்கம் மே மாதத்தில் இலங்கையின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரைமணி திருப்பிக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய அரைமணி 2006ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு வரை நீடித்தது. உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, இதே உத்தி கையாளப்பட்டிருந்தமையால் யோசனை புதிதன்று. ஆயினும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தப் பிறந்த அந்த ஆணை, மனித மூளைக்குள் அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முந்தியதொரு சிக்கன ஏற்பாட்டோடு மோதியது என்பதை அக்கால விவாதங்கள் போதிய அளவு கருத்திற்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை உண்டுவிடுகிறது. நரம்புக்கலங்கள் தம் வேலைக்குச் செலவிடும் ஏடீபீ எனும் சக்தி மூலக்கூறு சிதையும்போது மிஞ்சுவது அடினோசின் எனும் பொருள். விழித்திருக்கும் நேரம் நீள நீள அது மூளையில் திரண்டு, விழிப்பைத் தாங்கிநிற்கும் கலங்களை அடக்கி, கண்ணிமைகளின் கனமாக உணரப்படுகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் குளுக்கோசுச் செலவு இறங்க, அடினோசினும் வடிகிறது. எனவே உறக்க அழுத்தம் என்பது, விழிப்புக்குச் செலவான சக்தியின் கணக்கு ஏறிக்கொண்டே போகும் கடன் புத்தகம் போன்றது.

தேநீரிலுள்ள கஃபீன் அக்கடனைத் தீர்ப்பதில்லை. அடினோசின் சென்று பொருந்தவேண்டிய ஏற்பிகளில் தான் பொருந்திக்கொண்டு அதன் செய்தியை மறைக்கிறது, அவ்வளவே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பெருந்தோட்டப் பயிர் கண்டிச் சீமை முழுவதும் பரவியபின், விடியுமுன் தப்பொலியால் எழுப்பப்பட்டுப் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நிறுத்தப்பட்ட தொழிலாளர் தலைமுறைகள் அரைத்தூக்கத்தோடு பறித்த கொழுந்தே உலகின் தூக்கத்தைக் கலைக்கும் பானமாயிற்று என்பது, வரலாறு இம்மலைகளில் விட்டுச்சென்ற கசப்பான முரண். நிற்க.

கடன் மட்டுமே உறக்கத்தைத் தீர்மானித்தால், பகலில் நன்கு உறங்கியவர் இரவெல்லாம் களைப்பின்றி இருக்கவேண்டும். இரவுக்காவல் புரிவோரின் அனுபவம் அதற்கு மாறானது. 1982இல் உறக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி விளக்கியவாறு, இக்கடனோடு உடலின் நாட்கடிகாரம் என்னும் வேறொரு விசையும் சேர்ந்தே உறக்கத்தை ஆள்கிறது. கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலமஸ் எனும் மூளையடிப் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள் கொண்ட சிறு திரள் ஒன்று இக்கடிகாரமாக இயங்குகிறது. தனித்து விடப்பட்டால் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகச் சுற்றும் இதனை நாள்தோறும் திருத்துவது வெளிச்சமே. விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கன்றிப் பிரதானமாக ஒளியின் அளவை அறிவிப்பதற்கென்றே அமைந்த கலங்கள் உள்ளமையும், அவை விடியலை இத்திரளுக்கு நேரடியாக அறிவிப்பதும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உறுதியாயின. இருள் கவிந்தபின் உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் எனும் ஓமோன் சுரப்பதும் இதே திரளின் கட்டளைப்படியே.

வட அகலாங்கு 7 பாகையளவில் கிடக்கும் கண்டியில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. காலை ஆறுமணியை ஒட்டியே உதிக்கும் சூரியன், 1996இன் நடுப்பகுதியில் கடிகாரப்படி ஏழுமணியை நெருங்கி உதித்தது. ஒக்டோபருக்குப் பின்னரும் தை, மாசி மாதங்களில் அதே நிலைதான். பாடசாலை மணியோ வழக்கம்போல ஏழரைக்கு ஒலித்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கண்டி நகருக்குப் பேருந்தில் செல்லவேண்டிய பிள்ளைகள் நல்ல இருட்டிலேயே எழுப்பப்பட்டார்கள். மலைகளும் பனிமூட்டமும் அவ்விருட்டை இன்னும் சற்று நீட்டின. மாலை வெளிச்சமும் கடிகாரப்படி பிந்தியே மறைந்ததால் உறக்கம் முன்கூட்டி வரவில்லை. இழப்பு விடிகாலைப் பக்கத்தில் நேர்ந்தது. கனவுகள் செறிந்த உறக்கம் பெரிதும் அமைவது அந்தக் கடைசி மணிகளிலேதான். பதின்ம வயதில் நாட்கடிகாரம் இயல்பாகவே பிந்துவதால், உயர்வகுப்பு மாணவரே கூடுதலாக இழந்திருப்பர். அண்மையிலுள்ள அக்குறணையின் பள்ளிவாசல்களுக்கு இச்சிக்கல் எழவில்லை. அதிகாலைத் தொழுகைக்குரிய நேரம் வைகறையைக் கொண்டே கணிக்கப்படுவதால், மாறியது அட்டவணையிலுள்ள எண் மட்டுமே.

விழிப்புக்கும் உணவுக்குமான தொடர்பு 1998இலிருந்து தெளிவாகத் தொடங்கியது. ஹைப்போதலமஸின் பக்கப்பகுதியிலுள்ள பல்லாயிரம் கலங்கள் சுரக்கும் ஒரெக்சின் எனும் பொருளை அவ்வாண்டு ஜப்பானிய ஆய்வாளர் மசாஷி யனகிசாவாவின் குழுவும் வேறொரு குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. குருதியில் குளுக்கோசு குறைந்தால் இக்கலங்கள் ஊக்கம் பெற்று விழிப்பை உறுதிப்படுத்துகின்றன. பசித்த விலங்கு உறங்காமல் இரைதேட இதுவே துணை. இக்கலங்கள் அழிந்தவர்களுக்குப் பேச்சின் நடுவிலேயே உறக்கம் கவியும் நோய் ஏற்படுகிறது. உறக்கமும் விழிப்பும் உணவுக் கையிருப்பும் ஒரே அலுவலகத்தில் கணக்குப் பார்க்கப்படுவதால், மின்சபையின் கணக்கு அங்கே செல்லுபடியாவதில்லை.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், உடல் அரசின் கடிகாரத்தையன்றிச் சூரியனையே பின்பற்றுகிறது என்பதற்கொரு சான்று கிடைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் 1996இன் நேரமாற்றத்தை ஏற்காது பழைய நேரத்திலேயே இருந்தமையால், 2002 போர்நிறுத்தத்தின்பின் வீதி திறக்கப்பட்டபோது, இரு தரப்புக்கும் எல்லையாயிருந்த ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனவர்கள் கைக்கடிகாரத்தை அரைமணி பின்வைக்கவேண்டியிருந்தது. விமானத்தில் தொலைநாடு செல்பவருக்கு வரும் தடுமாற்றம் அவர்களுக்கு வரவில்லை. கண்டிக்கும் கிளிநொச்சிக்கும் சூரியன் உச்சியேறும் வேளையில் ஏறக்குறைய ஒரு நிமிடமே வேறுபாடு. 2006இல் பாடசாலைப் பிள்ளைகளின் இருட்டுக் காலைகளும் காரணமாகக் காட்டப்பட்டு நாட்டின் ஏனைய பகுதிகளும் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, ஓமந்தையில் எவரும் முள்ளைத் திருகவேண்டிய தேவை ஒழிந்தது.