வேலை போன சாலை

ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையில் வளைவுகளைத் தலைகீழாக எண்ணியிருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து போனால் முதலில் எதிர்ப்படும் கொண்டை ஊசி வளைவின் எண் 48. உச்சிக்கு முந்தையதுதான் 1. கொல்லிமலையில் ‘1/70’ பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாக இருந்தாலும், சைக்கிளில் ஏறுகிறவனுக்கு இந்தக் கணக்குதான் வசதி. எத்தனை கடந்தோம் என்பதை யார் கேட்டார்கள்? மிச்சம் எத்தனை என்பதுதான் கேள்வி.

இத்தாலியின் வடகோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது இந்தக் கணவாய். உயரம் 2,757 மீட்டர். கிழக்கு ஆல்ப்ஸில் தார்ச்சாலை உள்ள கணவாய்களில் இதைவிட உயரமானது வேறில்லை. ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த பிராத்தோ என்ற ஊரில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஏற்றம் தொடங்குகிறது. சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறவேண்டும்.

இந்த ஏற்றத்தில் என்னுடன் சைக்கிளில் வந்தவர் சூரிச்சில் வாழும் யாழ்ப்பாண நண்பர். வாரக் கடைசியானால் ஏதாவது ஒரு கணவாயில்தான் அவரைப் பார்க்கமுடியும். கோமாகோய் என்ற சிற்றூர் வரை வளைவே கிடையாது. பக்கத்தில் ஓடை இரைந்துகொண்டு இறங்க, சாலை நேராக, அலுப்பாக ஏறுகிறது. நான் தண்ணீர் குடிக்க நின்றதும் நண்பர் திரும்பிப் பார்த்தார். “அண்ணை, இப்பவே களைச்சால் எப்பிடி? இன்னும் ஒரு வளைவும் வரேல்லை.”

திராஃபோய் கிராமத்துக்கு வந்ததும் இடப்புறம் ஓர்ட்லர் சிகரம் பனிப்பாளங்களோடு எழுந்து நின்றது. 3,905 மீட்டர். அதைப் பார்ப்பதற்காகவே நிற்கலாம் என்று ஒரு சாக்குக் கிடைத்தது. இங்கிருந்து ஊசியிலைக் காட்டுக்குள் வளைவுகள் வரிசை பிடிக்கின்றன. வளைவில் சற்றே சமதளம், பிறகு நீண்ட ஏற்றம், மறுபடி வளைவு. கொஞ்ச நேரத்தில் கால்கள் இந்தத் தாளத்துக்குப் பழகிவிடுகின்றன. சரிவு சராசரியாக நூற்றுக்கு ஏழரை. செங்குத்து என்று பயப்படும்படி எந்த இடமும் இல்லை. ஆனால் எங்கேயும் விடுவதும் இல்லை.

இந்தச் சீரான சரிவு சைக்கிள்காரர்களுக்காகப் போட்டதல்ல. 1815இல் வியன்னா மாநாடு முடிந்தபோது லொம்பார்தி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. அங்குள்ள மிலான் நகரம் இனி அவர்களுடையது, ஆனால் நடுவில் ஆல்ப்ஸ். படையும் தபாலும் குறுக்கே போக ஒரு வழி வேண்டும். கார்லோ தோனெகானி என்ற பொறியாளர் 1820இல் வேலையைத் தொடங்கி 1825இல் முடித்துக் கொடுத்தார். குதிரைகள் இழுத்து ஏறவேண்டுமென்றால் சரிவைக் குறைக்கவேண்டும். சரிவைக் குறைக்கப் பாதையை நீட்டவேண்டும். மலைச்சரிவில் நீட்ட இடம் ஏது? மடித்து மடித்துத்தான் போடமுடியும். அந்த மடிப்புகள்தான் இந்த 48. தொடக்க காலத்தில் குளிர்காலத்திலும் பனியை வெட்டிச் சாலையைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இத்தனை பாடுபட்டுப் போட்ட சாலைக்கு முப்பத்து நான்கே வருடங்களில் வேலை போய்விட்டது. 1859இல் ஆஸ்திரியா போரில் தோற்று லொம்பார்தியை இழந்தது. கணவாய் எல்லைக்கோடாக மாறியது. சொந்த ஊருக்குப் போகப் போட்ட பாதை, அடுத்தவன் வீட்டு வாசலில் போய் முட்டி நின்றது.

ஃபிரான்சென்ஸ்ஹோயே. பழைய பேரரசரின் பெயரைச் சுமக்கும் இடம், உயரம் 2,188 மீட்டர். மரங்கள் இங்கே முடிந்துவிடுகின்றன. அதுவரை காடு மறைத்து வைத்திருந்ததை மொத்தமாகத் திறந்து காட்டுகிறது மலை. எதிரே ஒரே சுவர். அதில் இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், கல் அடுக்கிய தாங்குசுவர்களோடு, ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே தலை அண்ணாந்தால் எறும்பு போல ஊரும் மோட்டார் சைக்கிள்கள். உண்மையைச் சொன்னால், இந்தச் சாலையின் புகழ்பெற்ற அழகு உச்சியிலிருந்து கீழே பார்க்கிறவர்களுக்குத்தான். கீழேயிருந்து பார்க்கையில் அது கடன் பத்திரம்.

மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கோடையில் இரைச்சல் காதைக் கிழிக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சைக்கிள்களுக்கு மட்டும் சாலையை விடுவார்கள், அன்றைக்கு வந்திருக்கவேண்டும் என்றார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களும் நம்மைப் போலத்தான். மறுபக்கம் எந்த வேலையும் இல்லாமல் ஏறுகிறவர்கள். வேலை போன சாலை இன்னும் உயிரோடிருப்பது இப்படிப்பட்ட கூட்டத்தால்தானே.

அந்தக் கூட்டத்தைக் கூட்டியதில் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. 1953இல் இத்தாலியச் சுற்று சைக்கிள் பந்தயம் முதன்முறையாக இந்த வழியே வந்தது. முடிவதற்கு ஒரு நாள் முன்பு வரை சுவிஸ் வீரர் ஹூகோ கோப்லெட் முன்னிலையில் இருந்தார். இந்த ஏற்றத்தில் ஃபவுஸ்தோ கோப்பி அவரை உதறிவிட்டுத் தனியே மேலேறினார், பந்தயத்தையும் வென்றார். அது அவருடைய ஐந்தாவது வெற்றி. 1965 முதல், ஒவ்வோர் ஆண்டும் பந்தயப் பாதையின் மிக உயரமான இடத்துக்குக் கோப்பியின் பெயரையே வைக்கிறார்கள். சாலையோரம் தாரில் சுண்ணாம்பால் எழுதிய பெயர்களைக் காட்டி நண்பர் முணுமுணுத்தார்: “எங்கட கோப்லெட்டின்ர பேரை ஒருத்தரும் எழுதேல்லை, பாத்தியளோ.” அவருக்குச் சுவிஸ் குடியுரிமை எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி வளைவுகளில் பேச்சு நின்றுவிட்டது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை. இருக்கிறதிலேயே சின்ன கியரில் போட்டும் பெடல் கல்லாகக் கனத்தது.

உச்சி ஒரு சந்தை. தங்கும் விடுதிகள், சட்டை விற்கும் கடைகள், தெருவோரத்தில் தொத்திறைச்சி வாட்டும் தள்ளுவண்டிகள். தவம் செய்ய ஏறி வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்குப் பிடித்திருந்தது. வாட்டிய தொத்திறைச்சியை ரொட்டியில் வைத்து, புளித்த முட்டைக்கோஸை அள்ளிப்போட்டுத் தருகிறார்கள். நண்பருக்கும் சேர்த்து வாங்கப் போனேன். “வேண்டாம் அண்ணை, இண்டைக்கு வெள்ளி” என்று பையிலிருந்து பாணும் சம்பலும் எடுத்தார்.

சைக்கிள்களைப் பூட்டிவிட்டு நடந்தோம். கணவாய்க்கு மேலே 2,843 மீட்டரில் ஒரு சிறு முகடு. ஜெர்மன், இத்தாலியன், ரோமான்ஷ் ஆகிய மும்மொழிகளின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் ஏற அதிக நேரமாகவில்லை. முதல் உலகப்போர் வரை ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றும் அங்கேதான் சந்தித்தன. 1915இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆஸ்திரியப் படை கணவாயைப் பிடித்துக்கொண்டு பதுங்குகுழி வெட்டியது. மார்பளவுக்குக் கல் அடுக்கிய குழிகள் முகட்டைச் சுற்றி இப்போதும் கிடக்கின்றன. இறங்கி நின்று பார்த்தேன். ஆகஸ்டிலேயே காற்று எலும்பைத் தொட்டது. இங்கே குளிர்காலங்களைக் கழித்திருக்கிறார்கள். எதிரே தெரியும் ஓர்ட்லரின் உச்சி வரை பீரங்கிகளை இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே நடுநிலை சுவிட்சர்லாந்தின் காவலர்கள், தங்கள் மண்ணுக்கு மேல் குண்டு பறக்கிறதா என்று பார்த்தபடி.

போர் முடிந்ததும் கணவாயின் இருபுறமும் இத்தாலிக்கே போனது. இத்தனை பேர் உயிரைக் கொடுத்துக் காத்த எல்லை இடம் மாறிவிட்டது. சாலைக்கு இரண்டாம் முறையும் வேலை போனது என்று சொல்லலாம்.

ஏறிய வழியே இறங்க மனமில்லை. கணவாயின் மறுபுறம், பொர்மியோ என்ற ஊரின் பக்கம் மூன்று கிலோமீட்டர் இறங்கினால் வலப்புறம் உம்பிரைல் கணவாய் பிரிகிறது. உயரம் 2,501 மீட்டர். அதைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. ஆளரவமற்ற பசும்புல் சரிவு, மணி கட்டிய மாடுகள், ஒடுங்கிய சாலை. 2015 வரை இதில் ஒரு துண்டு மண் சாலையாகவே இருந்தது. “சல்லி றோட்டிலை பிரேக் பிடிச்சுப் பிடிச்சு கை விறைச்சுப் போகும். அதுதான் றோட்டு” என்று வழியெல்லாம் நண்பர் ஏங்கிக்கொண்டே வந்தார். வழுவழு தாரில் இறங்கிய எனக்கு அரசாங்கத்தின் மேல் எந்த வருத்தமும் இல்லை.

அடிவாரத்தில் சாந்தா மரியா என்ற கிராமம். சுவர்கள் இடிக்கும் அளவுக்குத் தெரு குறுகலாகிறது. எதிரே மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து வர, சைக்கிள்களைத் திண்ணையோரம் சாய்த்து ஒதுங்கி நின்றோம். அன்றைக்கு நாங்கள் பார்த்த வண்டிகளில், குறித்த நேரத்துக்கு ஓரிடம் போய்ச் சேரவேண்டிய வேலையோடு வந்தது அநேகமாக அது ஒன்றுதான்.