பந்தியில் ஓர் இடம்

காட்பாடியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் சித்தூர், பாகாலா, சந்திரகிரி, அப்புறம் திருப்பதி. சின்ன வயதில் எனக்குக் கோடை விடுமுறை என்றால் அந்த ரயில் பாதைதான். அப்பாவின் அக்கா சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர். அத்தை வீட்டுத் தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும், சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டதையும் தாத்தா நேற்று நடந்ததைப் போலச் சொல்வார். எல்லைக்காகப் போராடிய ம.பொ.சி. பெயரை எடுத்தாலே அவர் குரல் தடித்துவிடும். அத்தை மட்டும், "கோடு எங்க போட்டா என்னப்பா, சந்தைக்கு வர்ற மாங்கா அதேதானே" என்று உள்ளே போய்விடுவார்.

நியூஜெர்சியிலிருந்து தத்துக்குப் பதிவு செய்தபோது எந்த ஊர்க் குழந்தை என்று நானும் என் கணவரும் யோசிக்கவே இல்லை. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் இருந்தாலும் முன்னுரிமையில் உள்நாட்டினருக்குச் சமம் என்பதால், வரிசையில் நின்று காத்திருந்தோம். ஒருநாள் குழந்தையின் விவர அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வந்தன. நான்கு வயது நிரம்பிய பெண். படத்துக்குக் கீழே சித்தூர் மாவட்டம் என்று இருந்ததைப் பார்த்ததும் அத்தைக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

தத்தெடுப்பில் காகிதம் அதிகம் என்று யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்கானது. 1984-இல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பிலிருந்துதான் இன்றைய நடைமுறையின் எலும்புக்கூடு வந்தது. மத்திய தத்தெடுப்பு ஆணையம் 1990-இல் பிறந்தது. அதற்குப் பிறகும் 1999-இலும் 2001-இலும், அன்றைய ஆந்திரத்தின் லம்பாடிப் பழங்குடியினரின் குடியிருப்புகளான தாண்டாக்களில் வறுமையைப் பயன்படுத்திப் பெண் குழந்தைகளை விலை கொடுத்து வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிய கும்பல்கள் பிடிபட்டன. கைவிடப்பட்ட குழந்தை என்றால் முதலில் பத்திரிகையில் படம் போட்டுப் பெற்றவர்களைத் தேட வேண்டும். பிறகுதான் குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கலாம். தானே மனமுவந்து ஒப்படைத்த தாய்க்கும் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. என் மகளின் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு முத்திரையும், இவள் யாரிடமிருந்தும் பறிக்கப்பட்டவள் இல்லை என்று எனக்குச் சொல்கிறது. அந்த நிம்மதிக்காக எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடலாம்.

ஆயம்மாதான் அவளைத் தயார் செய்து அழைத்து வந்தார். சிசு கிருகம் என்ற அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன். "தலை வாரும்போது எதாச்சும் பேசிக்கினே இருங்கம்மா. பேச்சு நின்னா தலையத் திருப்பிக்குவா" என்றார். சொல்லிவிட்டு ரிப்பன் நுனியை இன்னொரு முறை இழுத்துச் சரிசெய்தார். சரியாக இருந்த ரிப்பன்தான் அது.

ஆணையத்தின் தடையின்மைச் சான்று கிடைத்ததும், இறுதி உத்தரவுக்கு முன்பே குழந்தையை நம் பராமரிப்பில் ஒப்படைக்க விதியில் இடம் இருக்கிறது. உத்தரவும் முன்பு போல நீதிமன்றத்தில் இல்லை. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே போடுகிறார். அது வந்தபின் எங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா. விடுப்பு கரைகிறதே என்று என் கணவர் கணக்குப் போட்டபடி இருந்தார். இன்று யோசித்தால், அந்த நாட்கள் இல்லாமல் நேராக விமானம் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அத்தை வீட்டு மேசையில் நானும் கணவரும் எதிரே உட்கார்ந்து, தட்டில் வைத்ததைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினோம். இட்லி, தோசை, நெய்ச்சோறு எதுவும் இறங்கவில்லை. அத்தை ராகிக் களி கிண்டி வேர்க்கடலைச் சட்னியோடு வைத்தபோது இரண்டு வாய் போனது. மூன்றாவது வாய்க்கு நான் ஆசையாகக் குனிந்து பார்த்தேன், உடனே நிறுத்திவிட்டாள்.

வீட்டில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பதைவிட வெளியே போகலாம் என்று காணிப்பாக்கம் போனோம். கிணற்றுக்குள்ளிருந்து எழுந்த பிள்ளையார், இன்றும் வளர்கிறார், பழைய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்று அத்தை அவளுக்குத் தெலுங்கில் சொன்னார். அவள் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆயம்மா சொன்னது அப்போது புரிந்தது. அன்று இரவு சடையைப் பிரிக்கும்போது, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கவசம் பொருந்தாத பிள்ளையார் கதையையே மறுபடி சொன்னேன்.

பாஸ்போர்ட் வேலைக்காகத் திருப்பதியில் தங்கினோம். அத்தையும் கூடவே வந்துவிட்டார். ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டம் என்றால் திருப்பதியும் சேர்த்துத்தான். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. சேஷாசல மலையடிவாரத்து விலங்குக் காட்சிச் சாலைக்குப் போனோம். சிங்கம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தண்ணீர்க் குழாயடியில் வந்து நின்ற ஒரு காட்டு மயிலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். நாங்களும் நின்றோம்.

அங்கிருந்து போன சந்திரகிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஜயநகர அரசின் கடைசிக் காலத் தலைநகர்களில் ஒன்று. அங்கே ராஜ மகால் மரமே சேர்க்காமல் கல்லும் செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டியது. பின்னால் பாறை மலை. என் கணவருக்குச் சரித்திரம் பிடிக்கும். டிரைவர் தம்பியிடம் விவரம் கேட்டுக்கொண்டே முன்னால் போய்விட்டார். அந்தத் தம்பியோடு அவள் வழியெல்லாம் தெலுங்கில் பேசியிருந்தாள், எங்களோடு பேசாததையெல்லாம். புல்வெளியில் ஓடியவள் திடீரென நின்றாள். கால்களை இறுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். தம்பி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். அவள் திரும்பி வந்து என் துப்பட்டாவை இழுத்தாள். கழிப்பறை எங்கே என்று கேட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவசரத்துக்கு என்னைத் தேடினாள் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை, கண்தான் முந்திக்கொண்டது.

திருமலைக்குப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முடி இறக்கச் சொன்னார்கள். வேண்டுதல் இருக்கிறதே என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்தத் தலையில் ஆயம்மாவின் கை பட்டிருக்கிறது. அவளிடம் மிச்சமிருக்கும் பழைய வாழ்க்கை அந்த இரட்டைச் சடைதான். அத்தை என் பக்கம் நின்றார்: "வெங்கமாம்பாவே முடி எடுக்க மாட்டேன்னு நின்னவதானேம்மா." தரிகொண்டா வெங்கமாம்பா 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர், பழைய சித்தூர் மாவட்டத்துக்காரர். சிறுவயதில் கணவனை இழந்தும் தலையை மழிக்க மறுத்தவர் என்று சொல்வார்கள். திருமலையின் அன்னதானக் கூடம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

தரிசனம் முடிந்து அங்கேதான் சாப்பிடப் போனோம். ஒரே கூடத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். நீள நீளமான வரிசைகள், இலை, சர்க்கரைப் பொங்கல், சோறு, சாம்பார், மோர். வாளியும் கரண்டியுமாக ஆட்கள் விறுவிறுவென்று பரிமாறிக்கொண்டு போகிறார்கள். அவள் எனக்கும் யாரோ ஒரு பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பக்கத்து இலையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பொங்கலில் தொடங்கி மோர்ச்சோறு வரை, யாரும் சொல்லாமல் முழுக்கச் சாப்பிட்டாள். இரண்டாவது முறை சாம்பாருக்குக் கையைக் கூட நீட்டினாள்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து சிசு கிருகத்துப் பந்தியில் சாப்பிட்ட குழந்தை அவள். இருபுறமும் ஆள் இருந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. எதிரே உட்கார்ந்து இரண்டு பெரியவர்கள் முறைத்துப் பார்க்கும் மேசை அவளுக்குப் பழக்கமே இல்லை. அன்று இரவே தங்கியிருந்த அறையில் தரையில் பாய் விரித்து, அத்தை, நான், அவள், கணவர், டிரைவர் தம்பி என்று ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நியூஜெர்சி வீட்டிலும் சாப்பாட்டு மேசை வெகுகாலம் துணி மடிக்கத்தான் பயன்பட்டது.

நாடு கடந்து தத்தெடுக்க வருபவர்கள், கிடைக்கும் நாட்களைக் குழந்தைக்கு நம் ஊரைப் பழக்குவதில் செலவிடுகிறார்கள். படம் காட்டுகிறார்கள், ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். அந்த நாட்கள் பெரியவர்கள் குழந்தையின் ஊருக்குப் பழகுவதற்கானவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கும், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் என்பது எந்த அறிக்கையிலும் இருப்பதில்லை. ஆயம்மாக்களிடம் இருக்கிறது.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். தத்துப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் தங்கள் பிறப்பைப் பற்றிய விவரம் கேட்கலாம். அதற்கு முன் என்றால் வளர்க்கும் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். வேர் தேடல் என்று விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. நான் அதை அவளிடம் மறைக்கவில்லை. காலையில் சடை பின்னும்போது சொன்னேன். பெற்றவர்களைப் பற்றி ஒன்றும் கேட்காமல், சிசு கிருகத்துப் பந்தியில் தன் இடப்பக்கம் உட்கார்ந்த பெண்ணும் வலப்பக்கம் உட்கார்ந்த குட்டிப் பையனும் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர்களும் எங்கோ ஒரு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் சொன்ன இரண்டு பெயர்களையும் கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போடும் நாள் வரும்போது பெற்றவர்களோடு இவர்களைப் பற்றியும் கேட்போம்.