என்ன செய்யுது, என்ன செய்யுறே

தை முதல் தேதி ஜல்லிக்கட்டு என்றால் அவனியாபுரத்தை ஊர் உலகமே பார்க்கிறது. மற்ற நாளெல்லாம் மதுரை மாநகரம் தன் குப்பையையும் சாக்கடையையும் அனுப்பி வைக்கிற திசை இது. வெள்ளக்கல்லில்தான் குப்பைக் கிடங்கு. கழிவுநீர் வந்து சேர்வதும் அங்கேதான். 2011இல் அவனியாபுரத்தை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். குப்பை அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அந்தக் குப்பையை வாரியவர்கள் யார், சாக்கடைக்குள் இறங்கியவர்கள் யார் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே இருந்துகொண்டுதான் கணிப்பொறியும் மருத்துவமும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கணிப்பொறிக்குச் சாதி தெரியாது, அது வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே வைத்தியம் என்று படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அந்தப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் நம்மைத் தொட்டு வைத்தியம் பார்க்க வைப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. கத்தியவார் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒரு தலித் எழுதிய கடிதம் 1929இல் ‘யங் இந்தியா’வில் வந்தது. அம்பேத்கர் அதை ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் எடுத்து வைத்திருக்கிறார். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். வெளியே கொண்டுவந்து போட்ட பெண்ணையும் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவியிடம் கொடுக்கிறார். அதே வழியில் அது டாக்டரிடம் திரும்பி வருகிறது. அந்தப் பெண் பிழைக்கவில்லை. வெப்பமானி சரியாகத்தான் காட்டியிருக்கும். கருவிக்கும் உடம்புக்கும் நடுவில் சாதி நின்றது.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கு நடப்பதைப் பார்க்கிறவர்களுக்குக் கணிப்பொறி மேல் ஒரு பிரியம் வராமல் இருக்காது. சி.டி. ஸ்கேன் 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மண்டையைப் படம் பிடித்தது. பல கோணத்தில் எக்ஸ்ரே எடுத்து, அத்தனையையும் கணக்குப் போட்டு, உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாகக் காட்டுகிற வேலை கணிப்பொறியுடையது. அதைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு இன்ஜினியர். டாக்டர் இல்லை. 1979இல் அவருக்கும் கார்மக்குக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த எந்திரத்துக்குள் போகிற உடம்பு எந்தத் தெருவுடையது என்று எந்திரம் கேட்காது.

நம்ம மதுரையிலேயே பாருங்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுவிலிருந்து தேனிப் பக்கத்துக் கிராமங்களில் சின்னச் சின்னக் கண் மையங்களைத் திறந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து அங்கே உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை கண்ணைச் சோதித்துப் படம் எடுக்கிறது. கம்பியில்லாத் தொடர்பு வழியாக டாக்டர் பேசுகிறார். கூலிக்காரருக்கு பஸ் காசு மிச்சம், ஒரு நாள் கூலியும் மிச்சம். ஏழைக்கு அதுவே பாதி வைத்தியம்.

அப்புறம் வந்தது, எந்திரமே படத்தைப் படிக்கிற காலம். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் பின்னால் உள்ள விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஆரம்பத்தில் ஆளுக்கே தெரியாது. தெரியும்போது பார்வை போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க கூகுள் ஆட்கள் கணிப்பொறிக்கு 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். 2016இல் அந்த ஆய்வு வெளிவந்தது. படங்கள் அமெரிக்காவிலிருந்தும் அரவிந்த் உட்பட மூன்று இந்திய மருத்துவமனைகளிலிருந்தும் போனவை. ஆகவே அந்த எந்திரத்துக்குப் பாடம் சொன்னதில் நம்ம ஊர்க் கண்களுக்கும் பங்கு உண்டு. 2019இல் அது மதுரை அரவிந்திலேயே நோயாளிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. 2018இல் இன்னொரு ஆய்வு இன்னும் மேலே போனது. விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஆளின் வயது என்ன, ஆணா பெண்ணா, புகை பிடிக்கிறவரா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கணிப்பொறி கணித்துச் சொன்னது.

சாக்கடைக் குழிக்குள் முப்பது வருசம் இறங்கிய கண் இது என்று சொல்ல மட்டும் அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. இனி மீதிப் பாதி.

என் சித்தப்பா மலக்குழியிலும் சாக்கடையிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர். கண் எரிச்சல், மங்கல், ராத்திரியில் விடாத இருமல். அவரை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டுப் போடுகிற இடத்தில் கணிப்பொறி. உட்கார்ந்திருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டது.

“என்ன செய்யுது அய்யா?”

“கண்ணு எரியுது தாயி. பொழுது சாஞ்சா மங்கலாத் தெரியுது.”

பேர், வயசு, விலாசம், போன் நம்பர், சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா. எல்லாம் தட்டியாயிற்று. நான் சொன்னேன்: “முப்பது வருசம் சாக்கடையில வேலை பார்த்தவங்கம்மா. அதையும் போட்டுக்க.” அந்தப் பிள்ளை திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தது. “அதுக்கு இதுல எடம் இல்லையேக்கா.” அதன் மேல் குற்றமில்லை. கட்டம் போட்டவன் வேறு ஆள்.

என்னை நிறுத்தியது சித்தப்பாதான். “விடுத்தா, அதை எதுக்கு இங்க சொல்லிக்கிட்டு? கேக்காம விட்டாங்களேன்னு நானே சந்தோசமா இருக்கேன்.”

அந்த வார்த்தையை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ‘என்ன வேலை பார்க்கிறே’ என்பது நமக்கு ஆயுசு முழுக்கச் சாதியைக் கேட்கிற கேள்வியாகவே வந்திருக்கிறது. வாடகைக்கு வீடு தேடிப் போனாலும் அதுதான், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனாலும் அதுதான். பதில் சொன்னவுடன் எதிரில் இருக்கிறவர் முகம் மாறும். முகமில்லாத கணிப்பொறி அதைக் கேட்காமல் விட்டது அவருக்கு விடுதலை. அதே கேள்வி விட்டுப்போனதால் அவருடைய நோய்க்குக் காரணமும் இல்லாமல் போய்விட்டது. சீட்டில் அவர் வயசான ஒரு ஆள், கண் எரிச்சல், அவ்வளவுதான்.

குழிக்குள் தேங்குகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு கண்ணின் மேல்தோலைப் புண்ணாக்கும். அளவு கூடினால் மூக்கு வாசனையை இழந்துவிடும். அதற்கு மேல் போனால் உயிர் போகும். மருத்துவம் இதை இன்று நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற டாக்டர், தன் வீட்டு மலக்குழியை அள்ள வந்த தொழிலாளி ஏன் இப்படி அவசரப்படுகிறான் என்று நின்று விசாரித்தார். அவன் கண்களைப் பார்த்தார். சிவந்து மங்கிப்போயிருந்தன. 1700இல் அவர் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகம் அங்கிருந்துதான் பிறந்தது. நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு மலக்குழி ஓரத்தில் பிறந்த கேள்வி அது. இவ்வளவு பெரிய கணிப்பொறி வந்த பிறகு எங்கள் சீட்டில் அதற்கு இடமில்லை.

எந்திரம் தானாகச் சாதி பார்க்காது. எதைக் கேட்கச் சொன்னோமோ அதைக் கேட்கும், கேட்காததை இல்லை என்று நம்பும். அமெரிக்காவில் இது நடந்தது. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தீர்மானித்த ஒரு கணிப்பொறி முறையை 2019இல் ஆராய்ந்து பார்த்தார்கள். அதில் இனம் பற்றிய கேள்வியே கிடையாது. வைத்தியத்துக்கு யாருக்கு அதிகம் செலவாயிற்றோ அவருக்கு நோய் அதிகம் என்று அது கணக்குப் போட்டது. அதே அளவு நோயிருந்தும் கறுப்பினத்தவருக்குச் செலவு குறைவாகவே ஆகியிருந்தது, கிடைத்த வைத்தியம் குறைவு என்பதால். ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று எழுதிவிட்டது. பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் அவர்கள் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும் என்று ஆய்வு சொன்னது. காசில்லாமல் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத நம்ம சனங்களை இப்படி ஒரு எந்திரம் எந்தக் கணக்கில் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் மனக்குறை இல்லை. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அதே தீர்ப்பில், இந்த வேலையால் ஊனமானவருக்குக் குறைந்தது பத்து லட்சம், நிரந்தர ஊனமாகிப் பிழைக்க வழியில்லாதவருக்குக் குறைந்தது இருபது லட்சம் என்றும் சொன்னது. குழிக்குள்ளேயே செத்தால் பிணம் சாட்சி. கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போனவருக்கு எது சாட்சி? அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதம்தான். அதில் தொழிலே இல்லையென்றால் வக்கீல் எதைக் காட்டுவார்?

2021 செப்டம்பரில் நாடு முழுக்க ஆரம்பித்த திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க மருத்துவ எண் தருகிறார்கள். 2023இல் வந்த ‘நமஸ்தே’ திட்டம் சாக்கடைத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்துக் காப்பீட்டு அட்டை கொடுக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை செலவுக்குத்தான் ஆகும். கண்ணைப் பார்க்கிற டாக்டரின் திரையில் அந்த வேலையும் அந்த வருசங்களும் தெரிய வேண்டும்.

சித்தப்பாவின் கூச்சத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வரிசையில் நாலு பேர் காதில் விழ அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. டாக்டர் தனியாகக் கேட்க வேண்டும். எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இழிவுபடுத்த நூறு தலைமுறை கேட்ட கேள்வியை, நட்டஈடு வாங்கித் தர ஒருமுறை கேட்கட்டும். கணிப்பொறி படித்த பிள்ளைகள் இன்று நம்ம தெருக்களிலும் இருக்கிறார்கள். கட்டம் போடுகிற இடத்துக்கு அவர்கள் போக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறோம். யார், எந்த வருசத்திலிருந்து எந்த வருசம் வரை, எந்த வேலை, இப்போது என்ன செய்யுது. டாக்டரிடம் போகும்போது அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சீட்டோடு குத்திக் கொடுக்கிறோம். வேண்டாம் என்ற சித்தப்பாதான் போன மாதம் நோட்டை வாங்கி, தன்னோடு குழியில் இறங்கிய நாலு பேர் பெயரை எழுதச் சொன்னார். அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. இருந்தாலும் எழுதிக்கொண்டோம்.