தண்ணீர் ஊற்றக்கூடாத தீ

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்கு மேல் தீயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாத காலம். 1983. கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசர். வயது இருபத்தாறு, டிப்ளமா படித்த மிதப்பும் கொஞ்சம் உண்டு.

பம்பு வார்ப்புகளோடு எஸ்.ஜி. அயர்னும் அப்போதுதான் வார்க்கத் தொடங்கியிருந்தோம். உருகிய இரும்புக்குள் மெக்னீசியத்தை அமுக்கினால், அதிலுள்ள கிராபைட் தகடு தகடாக இல்லாமல் உருண்டையாகத் திரளும். வார்ப்பு சுலபத்தில் உடையாது. மெக்னீசியம் 1090 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்புக் குழம்போ 1400க்கு மேல். அந்த ஆவி லேடிலுக்கு மேலே வந்து காற்றுப் பட்டதும் எரியுமே ஒரு வெளிச்சம், வெல்டிங் வெளிச்சம் மாதிரி கண்ணைப் பறிக்கும். புதிதாக வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

மெக்னீசியக் கட்டியை ரம்பத்தில் அறுக்கும்போது விழும் தூளை ஒரு தகர டிரம்மில் கூட்டி வைத்திருந்தோம். கட்டியாக இருந்தால் லேசில் பற்றாது. பட்ட சூட்டை உள்ளே பரப்பிவிடும். தூளுக்குப் பரப்ப இடமில்லை, காற்றுப் படும் பரப்போ அதிகம். இரும்புக்கும் இதே கதைதான். கடப்பாரையை உலையில் வைத்தால் சிவக்கும், செதில் உரியும், அவ்வளவுதான். அதையே கிரைண்டரில் பிடியுங்கள், பறக்கும் பொறி ஒவ்வொன்றும் எரிகிற இரும்புத் துகள். தீபாவளிக் கம்பி மத்தாப்பில் சிதறுவதும் அதுதான்.

அப்படிப் பறந்த பொறி ஒன்று டிரம்மில் விழுந்தது.

"தண்ணி ஊத்துடா!" என்று கத்தியது நான். ஹெல்ப்பர் பையன், அன்னூர்ப் பக்கத்துக்காரன், பதினெட்டு வயதிருக்கும், வாளியைக் கவிழ்த்தான். எரியும் மெக்னீசியம் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுகிற ஹைட்ரஜனும் எரியும். இதெல்லாம் பிறகு படித்தது. அன்று பார்த்தது ஒரு வெள்ளை வெடிப்பும், முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த பையனும்தான்.

மோல்டிங் மேஸ்திரி ஓடி வந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். லேத் பக்கம் குவிந்திருந்த காய்ந்த வார்ப்பிரும்புப் போரிங் தூளை மண்வெட்டியால் அள்ளி, மெதுவாக மேலே போட்டு மூடினார். காற்று அடைபட்டு அடங்கியது. "இதுக்கு ஈரமே ஆகாதுங்க தம்பி" என்றார். பக்கத்திலேயே மணல் கிடந்தது. மோல்டிங் மணலில் ஈரம் உண்டு என்று அவர் அதைத் தொடவில்லை.

பையனுக்கு இரண்டு கையும் வெந்து, வலது கண் மங்கிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனை முதலாளி கேட்டார், "யாருடா உன்னைத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் ஊத்தினனுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பிறகு அந்த மூலையில் மூன்று வாளி போரிங் தூளும், நீளக் கைப்பிடி மண்வெட்டியும் வைக்க ஏற்பாடு செய்தேன். ஓய்வு பெறும்வரை வாரம் ஒருமுறை கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போன தையில் அவன் மகள் கல்யாணம். "வாங்கண்ணா" என்று கையைப் பிடித்தான். அந்தத் தோல் இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். "முதல்ல சாப்பிடுங்கண்ணா" என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டான்.