நம் இல்லங்களில் காத்திருக்கும் ஆய்வுகள்

முதுகலை வகுப்பு மாணவச் செல்வங்கள் ஆண்டுதோறும் எம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, ஆய்வு செய்ய விரும்புகிறேன், தலைப்பு ஒன்று தாருங்கள்." இவ்வினாவில் ஆர்வம் இருக்கிறது. அதனுடன் ஓர் எண்ணமும் மறைந்திருக்கிறது. ஆய்வுப் பொருள் என்பது ஆசிரியர் மேசையிலோ பெருநகர நூலகத்திலோ இருப்பது, அதனை எவரேனும் எடுத்துத் தரவேண்டும் என்பதே அவ்வெண்ணம். யாம் தலைப்பு எதுவும் தருவதில்லை. "உங்கள் வீட்டுப் பழம்பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்கிறோம்.

அவ்வாறு கேட்பதற்குக் காரணம் உண்டு. எம் நன்னியம்மா பத்திரங்களில் கைநாட்டு வைத்தவர். தமிழ் நெடுங்கணக்கை அறியாதவர். ஆயினும் வியாழன் இரவுகளில் அரபுத்தமிழ் நூல்களை விரித்து வைத்து, மாலைகளையும் முனாஜாத்துகளையும் இராகத்தோடு ஓதுவார். அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்பர். வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்துகளில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனச் சில அடையாளங்களைச் சேர்த்து எழுதப்பட்ட தமிழ் அது. எழுத்தறியாதவர் என்று ஊரார் கருதிய அப்பெருமாட்டியே எம் இல்லத்தில் மிகுதியாகப் படித்தவர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளில் பட்டம் பெற்றோர் பலர். அந்நூல்களைப் படிக்க வல்லவரோ, அவரிடமே எழுத்துக் கற்ற எம்மையன்றி ஒருவரும் இலர். ஒரு தலைமுறைக்குள் ஒரு நூலகத்தின் கதவு அடைபடும் விதம் இதுதான்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் சிறியதன்று. முழுமையாகக் கிடைத்துள்ளவற்றுள் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்படும் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டில் அரங்கேறியது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 விருத்தங்களைக் கொண்டது. காப்பியம், கலம்பகம், பிள்ளைத்தமிழ் எனத் தமிழ் மரபு வழங்கிய வகைகளோடு கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்னும் புதிய வகைகளும் இங்கே தழைத்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் யாத்தனர். கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் முதலிய பெண்பாற் புலவர்களும் ஞானப் பாடல்கள் இயற்றினர். இவற்றுள் ஒருமுறை அச்சேறி மறுபதிப்புக் காணாதவை உண்டு. கையெழுத்துப்படியாகவே நின்றுவிட்டவையும் உண்டு.

மாணவர் ஒருவரால் என்ன செய்ய இயலும் என ஐயுற வேண்டா. இலங்கையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் அவர்கள், முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைத் தம் முதுகலைப் பட்டத்திற்குரிய ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவ்வாய்வேடு 1953ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளிவந்து ஒரு துறைக்கே வழி திறந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அத்துணைப் பெரும் பணிக்கும் தொடக்கம் ஒரு மாணவரின் ஆய்வேடே. அண்மைக் காலத்தில் ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர், 2011இல் வெளியிட்ட ஆங்கில நூலில், நம் ஆயிர மசலாவை அதன் சாவக, மலாய் வடிவங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார். கடல் கடந்தவர் தேடிவந்து கற்கும் நூலை, அந்நூல் பிறந்த மண்ணில் வாழும் நாம் பெயரளவிலேனும் அறிந்திருக்க வேண்டாமா?

பொருள் வசதி குறித்தும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி எம்.பில். பட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே, முதுகலையில் எழுதும் ஆய்வேடே இன்று முனைவர் பட்டத்திற்கு முந்திய பயிற்சிக்களம். அதனைப் பழைய ஏடுகளைப் பார்த்து எழுதும் சடங்காக முடித்துவிடலாகாது. சிறுபான்மை மாணவர்க்கு வழங்கப்பட்டுவந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2022–23 முதல் புதியவர்களுக்கு இல்லையென ஆயிற்று. எனினும் வாயில்கள் யாவும் அடைபட்டுவிடவில்லை. தேசியத் தகுதித் தேர்வில் உயரிய மதிப்பெண் பெற்று இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வுறுவோருக்கு, 2023 சனவரி முதல் மாதம் ரூ.37,000 என்னும் வீதம் நிறுவப்பட்டது. தமிழும் அத்தேர்வில் ஒரு பாடமே. உதவித்தொகைக்குரிய வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. திருமணத்திற்குப் பின் படிப்பு முடிந்ததென்று எண்ணும் நம் மாணவியர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

ஆய்வு எங்கே தொடங்குவது? பழைய நூல் ஒன்று கிடைத்தால், முதலில் அதன் முகப்பைப் படியுங்கள். அச்சிட்ட ஊர் எது, பொருளுதவி செய்தவர் யார், சாற்றுகவி அளித்தோர் எவர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வணிகம், அச்சு, பெண்கல்வி ஆகியவற்றின் வரலாறு அங்கே ஒளிந்திருக்கும். பின்னர் அந்நூலின் வேறு படி உண்டா எனச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேடுங்கள். பின்னதன் அடித்தளம், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் அன்பர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களே. நூல் சேர்ப்பதற்குப் பட்டமும் பதவியும் வேண்டுவதில்லை என்பதற்கு அவர் சான்று.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். ஏடுகளை எவரிடமும் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. உங்கள் முன்னிலையிலேயே மாணவர் படமெடுத்துக்கொள்ள இசைந்தால் போதும். பழுதுற்ற தாள்களைப் புனிதம் கருதி மண்ணில் புதைக்குமுன் ஒருமுறை எம் துறைக்குச் சொல்லியனுப்புங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டியர் இல்லத்தில் இருப்பின், பேத்தியரை அவர்கள் அருகில் அமரச் செய்யுங்கள். கறையானுக்கும் காலத்திற்கும் நம்மைப்போல் விடுமுறை இல்லை.

வரும் கோடை விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஐந்து வீடுகளுக்கேனும் சென்று, அங்குள்ள பழைய நூல்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று எழுதி வருக. அரபுத்தமிழ் எழுத்துகளைக் கற்க விழைவோர்க்குக் கல்லூரி திறந்தபின் மாலை நேரத்தில் யாமே கற்பிக்கக் காத்திருக்கிறோம்.