தகடூர் மண் தரும் விடை

சேலத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயைக் கடந்ததும் தருமபுரி மாவட்டம் நம்மை வரவேற்கின்றது. சாலையோரப் புளியமரங்களும், மாந்தோப்புகளும், மழையை நம்பி நிற்கும் கேழ்வரகுக் கொல்லைகளும் கண்ணுக்கு விருந்து. பண்டைய தகடூர் இதுவே. போரைத் தவிர்க்கும் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றது இம்மண்ணின் மன்னன் அதியமானுக்காகவே. ஆயினும் போர் இந்நிலத்தை விட்டு அகன்றதில்லை. ஊர்ப்புறங்களில் காணப்படும் நடுகற்கள், ஆநிரைப் பூசல்களில் உயிர் துறந்த வீரர்களை இன்றும் நினைவூட்டுகின்றன.

பயங்கரவாதத்தைப் போரினால் வெல்ல இயலுமா? 2001 செப்டம்பர் 11க்குப் பின் உலகம் இவ்வினாவை ஓயாது எழுப்பி வருகின்றது. ஆப்கானிஸ்தானத்தில் இருபது ஆண்டுகள் போரிட்டது அமெரிக்கா. 2021 ஆகஸ்டு 15ஆம் நாள் தாலிபான்கள் மீண்டும் காபூலுக்குள் நுழைந்தனர். வல்லரசையே திகைக்க வைத்த இவ்வினாவிற்கு, தருமபுரியின் மூன்று ஊர்கள் தம் பட்டறிவால் விடை பகர்கின்றன.

முதலாவது, திருப்பத்தூர்ச் சாலைப் பக்கம் உள்ள நாயக்கன்கொட்டாய். 1967இல் மேற்கு வங்கத்து நக்சல்பாரியில் மூண்ட கிளர்ச்சியின் பொறி இங்கும் வந்து விழுந்தது. விழுந்த இடமோ காய்ந்த சருகு. கந்துவட்டிக்குக் காணியை இழந்தோர், வயிற்றுக்குப் போதாத கூலிக்கு உழைத்தோர், தேநீர்க் கடையில் தனிக் குவளை ஒதுக்கப்பட்டோர் ஆகியோரிடையே அப்பு, பாலன் போன்றோர் இயக்கத்தை வளர்த்தனர். வட்டிக் கொடுமையையும் இரட்டைக் குவளையையும் எதிர்த்தமையால் ஏழைகளின் நெஞ்சில் இடம்பெற்றனர். ஆனால் அவ்வியக்கம் 'அழித்தொழிப்பு' என்னும் கொலை வழியையும் கைக்கொண்டது.

1980 ஆகஸ்டு 6ஆம் நாள் திருப்பத்தூரில், பிடிபட்ட தீவிரவாதியைக் கொண்டு சென்ற வண்டியில் குண்டு வெடித்துக் காவல் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் சென்ற காவலர்களும் மாண்டனர். அவர்தம் இல்லங்களில் சிந்திய கண்ணீரும் ஏழையின் கண்ணீரே. அதன்பின் வால்டர் தேவாரம் தலைமையில் கடும் வேட்டை தொடங்கிற்று. 'மோதல்' எனப்பட்ட நிகழ்ச்சிகளில் இளைஞர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாலனும் அவ்வாண்டு செப்டம்பரில் காவல்துறையிடம் பிடிபட்டபின் உயிரிழந்தார். நாளடைவில் இயக்கம் ஒடுங்கிற்று. இன்று நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் சிலைகள் நிற்கின்றன. திருப்பத்தூரில் மாண்ட காவலர்க்கு நினைவுச் சின்னம் நிற்கின்றது. இரண்டும் நம் காலத்து நடுகற்கள்.

போர் வெல்லப்பட்டதா? 2002 நவம்பரில், அந்நாளில் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊத்தங்கரைப் பகுதியில் மீண்டும் துப்பாக்கி முழங்கிற்று. ஓர் இளைஞர் மாண்டார். பலர் பொடா சட்டத்தில் சிறை சென்றனர். அதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. 2012 நவம்பர் 7ஆம் நாள், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாகக் கொண்டு, நாயக்கன்கொட்டாய்க்கு அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் பெருங்கூட்டம் புகுந்து வீடுகளைச் சூறையாடித் தீக்கிரையாக்கியது. தீவிரவாதியைத் தேடித் தேடி ஒழித்தவர்கள், தனிக் குவளையை வைத்த மனத்தை விட்டுவிட்டோம். அம்மனமே தீப்பந்தம் ஏந்தி வந்தது.

இரண்டாவது, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925இல் கண் மூடிய பாப்பாரப்பட்டி. 2004 அக்டோபர் 18 இரவு, இவ்வூர் அருகே சந்தனக் கடத்தல் வீரப்பன் அதிரடிப் படையினரால் சுட்டு வீழ்த்தப்பட்டான். நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றவன் என்று கூறப்படும் ஒருவனின் கதை அத்துடன் முடிந்தது. மலைக் கிராமங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவனைத் தேடிய ஆண்டுகளில், ஏதுமறியா மலைமக்கள் பலர் விசாரணை முகாம்களில் வதைபட்டனர். 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. வீழ்ந்தவன் ஒருவன், வதைபட்டவர்களோ எத்தனை பேர்!

மூன்றாவது, அரூர்ப் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கால்நடைகள் பறிக்கப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் மானபங்கத்திற்கு ஆளாயினர். சட்டத்தைக் காக்க வந்தோரே சட்டத்தை மிதித்தனர்.

வாசகர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இத்துணைக் கொடுமைக்கு ஆளான அம்மக்கள் துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குள் சென்றிருந்தால் வியப்பில்லை. அவர்கள் சென்றது நீதிமன்றத்திற்கு. பொதுவுடைமைக் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் துணை நின்றனர். எழுத்தறியாப் பெண்கள் கூண்டில் ஏறி, சீருடை அணிந்தவர்களை அடையாளம் காட்டினர். 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அவ்வூருக்கு நேரில் சென்று பார்த்து, 2023 செப்டம்பர் 29ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்தார். பதினெட்டுப் பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டார்.

முப்பத்தோராண்டு காத்திருப்பு மிக நீண்டது; தாமதித்த நீதி பாதி நீதியே. எனினும் இம்மாவட்டத்தில் ஆயுதம் வெல்லாத ஒன்றை அது வென்றது. நாட்டில் நீதி உண்டு என்னும் நம்பிக்கையை ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தந்தது. அந்நம்பிக்கை உள்ள பிள்ளையின் கையில் எவரும் எளிதில் வெடிகுண்டைத் திணித்துவிட முடியாது.

கொலைகாரனைத் தடுத்து நிறுத்தக் காவல் தேவையே, அதில் ஐயமில்லை. ஆனால் காவல் சட்டத்திற்குள் நிற்க வேண்டும். அதனுடன் நிலமும் கூலியும் சமமான குவளையும் வந்து சேர வேண்டும். இவையின்றி நடத்தப்படும் போரில், இந்த மண் நெடுங்காலமாய்க் கண்டது போல, நடுகற்களின் எண்ணிக்கை மட்டுமே பெருகும்.